பேக்ஹேண்ட் அடித்தால் முழங்கை வலிக்கிறது: ஷட்டிலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 28. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பைக்கில்தான் போய்வருகிறேன். சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் இன்டோர் கோர்ட்டில் ஷட்டில் ஆடுவது வழக்கம். அலுவலகப் போட்டி வருகிறது என்று மூன்று மாதமாக வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறேன். புது பேட் வாங்கி, பவர் கூடும் என்று 28 பவுண்டு இறுக்கத்தில் ஸ்ட்ரிங் போட்டேன். ஆறு வாரமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. பேக்ஹேண்ட் அடித்தால் சுரீர் என்கிறது. காலையில் காபி டம்ளரைத் தூக்கவே கஷ்டம். சுளுக்கு வழித்தும் பார்த்தேன், கூடிவிட்டது. டென்னிஸ் எல்போ, ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா? ஊசி போடலாமா? பேட்டை மாற்றினால் சரியாகுமா?

பதில்: முழுவதுமாக நிறுத்த வேண்டாம், குறைக்க வேண்டும். ஊசி இப்போது வேண்டாம். புது பேட் வாங்க வேண்டாம், ஆனால் இருக்கும் பேட்டின் ஸ்ட்ரிங்கையும் கிரிப்பையும் இந்த வாரமே மாற்றுங்கள். போட்டியில் ஆட முடியுமா என்பதை ஐந்தாவது வாரத்தில் உங்கள் கையே சொல்லிவிடும்.

முதலில் இது டென்னிஸ் எல்போதானா என்று வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் நின்று, முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி அதன் சாய்மானத்தை மேலிருந்து பிடித்துத் தூக்குங்கள். அடுத்து, அதே மாதிரி கையை நீட்டி உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் மேலே தூக்கப் பாருங்கள். இடது கையால் அந்த விரலைக் கீழே அழுத்துங்கள். இரண்டிலும் முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பிலோ, அதற்கு இரண்டு விரற்கடை கீழேயோ வலித்தால் அனேகமாக டென்னிஸ் எல்போதான். வலி உள்பக்க எலும்பில் இருந்தால் அது வேறு தசை, வேறு பயிற்சி. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது. கழுத்தைத் திருப்பும்போது வலி கைவழியே இறங்கினால் கோளாறு கழுத்தில் இருக்கலாம். இப்படி ஏதாவது இருந்தால் கீழே சொல்லும் பயிற்சிகளைத் தொடங்காமல் நேரில் காட்டுங்கள்.

ஏன் பிடித்தாலே வலிக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகத் தூக்கும் தசைகள் முன்கையின் மேற்புறத்தில் ஓடி, முழங்கையின் வெளி எலும்பில் தசைநாணாக ஒட்டுகின்றன. அவற்றின் வேலை மணிக்கட்டைத் தூக்குவது மட்டுமில்லை. நீங்கள் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கப் பார்க்கும். அப்படி மடங்கிவிடாமல் எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்துவது இந்தத் தசைகள்தான். டம்ளர், தோசைக்கல், பிழியும் துணி, பேட் எதைப் பிடித்தாலும் அந்தத் தசைநாண் இழுபடுகிறது. பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இழுப்பு.

அந்தத் தசைநாணில் இப்போது நடந்திருப்பது வெறும் வீக்கமில்லை. தாங்கும் அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப இழுபட்டதில் அதன் நார்கள் ஒழுங்கு கலைந்து பலவீனமாகிவிட்டன. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆடிய கை ஒரே தாவலில் எட்டு மணி நேரத்துக்குப் போயிருக்கிறது. தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். தசைநாண் அதே அளவு பழக மாதங்கள் எடுக்கும். அதனால்தான் முதல் ஒன்றரை மாதம் ஒன்றும் தெரியாமல் நன்றாக ஆடியிருக்கிறீர்கள், பிறகு வலி தொடங்கியிருக்கிறது. முழு ஓய்வு இதற்கு மருந்தாகாது என்பதற்கும் இதுவே காரணம். ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் இன்னும் பலவீனமாகும், மறுபடி கோர்ட்டில் இறங்கிய இரண்டாம் வாரமே வலி திரும்பும். அதற்குத் தேவை அளந்து கொடுக்கும் பளு.

பளு கோர்ட்டில் மட்டும் விழவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த வலியை 1873இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் முதலில் விவரித்தது, எழுதுவதால் கை பிடித்துக்கொள்வதைப் பற்றிய கட்டுரையில். டென்னிஸின் பெயர் அதற்குப் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. இன்று பேனாவின் இடத்தில் மவுஸ் இருக்கிறது. மவுஸ் எட்டத்தில் இருந்தால் கையை நீட்டி, மணிக்கட்டைத் தூக்கியபடியே நாளெல்லாம் வேலை செய்கிறீர்கள். அதைக் கீபோர்டை ஒட்டி இழுத்து வையுங்கள். முன்கை முழுவதும் மேசைமேல் சாய்ந்திருக்கட்டும். பைக் இன்னொன்று. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்கும்போது புறங்கை முன்கையை நோக்கி மடங்கி, அதே தசை சுருங்கியபடி நிற்கிறது. கைப்பிடியைப் பற்றும்போதே மணிக்கட்டைச் சற்று உயர்த்திப் பற்றினால், முறுக்கிய நிலையில் அது நேராக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது விரல்களைத் தளர்த்துங்கள். முதல் இரண்டு வாரம் பேருந்திலோ அலுவலக வண்டியிலோ போக முடிந்தால் இன்னும் நல்லது.

இனி பேட். ஸ்ட்ரிங் இறுக்கம் கூடினால் பவர் கூடும் என்பது கோர்ட் முழுக்க உலவும் தவறான எண்ணம். இறுக்கம் கூடக்கூட ஸ்ட்ரிங் உள்வாங்கித் தள்ளுவது குறைகிறது. காக், அதாவது இறகுப்பந்து, எங்கே விழ வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் கூடுகிறது. வேகத்தைக் கை கொடுக்க வேண்டும். அதோடு, நன்றாக அடிபடும் நடுப்பகுதியும் சிறுத்துவிடும். வேகமான ரேலியில் பாதி அடிகள் நடுவில் படாது. படாத ஒவ்வொரு அடியிலும் பேட் கைக்குள் திரும்பப் பார்க்கும், நீங்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், அதிர்வு நேராக முழங்கைக்குப் போகும். 28 பவுண்டு, தினமும் பயிற்சி எடுக்கும் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான இறுக்கம். உங்களுக்கு 22 அல்லது 23 பவுண்டு போதும். யோனெக்ஸ் பிஜி 65 போல 0.70 மில்லிமீட்டர் ஸ்ட்ரிங் போட்டால் நீண்ட நாள் உழைக்கும். மெல்லிய ஸ்ட்ரிங் துள்ளலாக இருந்தாலும் சீக்கிரம் அறும். பழைய ஸ்ட்ரிங்கை வெட்டும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து வெட்டினால் ஒரு பக்க இழுப்பு மட்டும் மிஞ்சி பிரேம் கோணும். ஆட்டத்தில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மீதியை அன்றே வெட்டிவிடுவது இதே காரணத்துக்காகத்தான்.

பேட்டின் எடை கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84 கிராம். 4யூ உங்களுக்குச் சரி. அதிலும் தலைப்பக்கம் கனமான பேட் ஸ்மாஷுக்கு உதவும், ஆனால் பேக்ஹேண்டில் நிறுத்தித் திருப்ப மணிக்கட்டு அதிகம் உழைக்க வேண்டும். உங்களுடையது அப்படி இருந்து, நண்பரிடம் சமநிலையான பேட் இருந்தால் இந்த ஏழு வாரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட மலிவானதும் அதிகம் பலன் தருவதும் கிரிப். சென்னைப் புழுக்கத்தில், ஏசி இல்லாத கோர்ட்டில், பத்து நிமிடத்தில் கைப்பிடி வழுக்கும். வழுக்கும் பேட்டைத் தன்னையறியாமல் நசுக்கிப் பிடிப்போம். பேட்டோடு வந்த கிரிப்பின் மேல் ஓவர்கிரிப் ஒன்றைச் சுற்றுங்கள். அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் கால்வாசி ஏறும்படி, இழுத்துச் சுற்ற வேண்டும். உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு டவல் கிரிப் நல்லது. வாரம் இரண்டு மூன்று நாள் ஆடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பருமனைப் பார்க்க ஓர் எளிய வழி: பேட்டைத் தளர்வாகப் பிடிக்கும்போது விரல் நுனிகளுக்கும் கட்டைவிரல் அடி மேட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிய வேண்டும். நகம் உள்ளங்கையில் குத்தினால் கைப்பிடி மெலிது, இன்னொரு சுற்று வேண்டும்.

ஷட்டில்காக்கும் கணக்கில் உண்டு. இறகுக் காக்கின் வேகத்தை 75 முதல் 79 வரை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் வேகம் கூடும். சென்னை வெப்பத்துக்கு 76 பொருத்தம். நைலான் காக்கில் பச்சைப் பட்டை மெதுவானது, வெப்பமான ஊருக்கு உரியது. கோர்ட்டின் பின்கோட்டிலிருந்து கீழ்க்கை வீச்சில் முழு பலத்தோடு அடித்தால், நல்ல காக் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். இறகு ஒடிந்த காக் பாதியில் ஆடி விழும்; அதைப் பின்கோடு வரை அனுப்ப ஒவ்வொரு முறையும் கூடுதல் பலம் போட வேண்டியிருக்கும். ஒடிந்ததைத் தூக்கிப் போடுங்கள், நால்வரும் பங்கு போட்டால் புதுக் காக் பெரிய செலவில்லை.

அடிக்கும் முறைக்கு வருவோம். பேக்ஹேண்ட் வலிப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு தவறுகள் காரணம். ஒன்று, ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே பேக்ஹேண்ட் அடிப்பது. பிடியைத் திருப்பி, கட்டைவிரலைக் கைப்பிடியின் அகலமான தட்டைப் பக்கத்தில் வையுங்கள். அடியைத் தள்ளுவது அந்த விரலாக இருக்கட்டும். இரண்டாவது, காக் உடம்பைத் தாண்டிப் பின்னால் போன பிறகு எட்டி அடிப்பது. அப்போது தோளும் முன்கைச் சுழற்சியும் உதவ முடியாது. மணிக்கட்டை மட்டும் வெட்டி அடிக்க வேண்டியிருக்கும். வெட்டுவது மணிக்கட்டு இல்லை, சுழல்வது முன்கை என்பதை மனதில் வைத்து, முழங்கையை முதலில் உயர்த்தி, காக் உடம்புக்கு முன்னால் இருக்கும்போதே சந்திக்கப் பழகுங்கள். கால் பிந்தினால் கை தண்டனை அனுபவிக்கும். எதிராளி அடித்த கணத்தில் ஒரு சிறு குதி குதித்துக் காலைத் தயாராக வைத்தாலே பாதிப் பின்மூலைக் காக்குகளைத் தலைக்கு மேலேயே, ஃபோர்ஹேண்டில் எடுக்கலாம். அடிக்கும் கணம் தவிர மற்ற நேரமெல்லாம் பிடி கைகுலுக்கும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு ரேலி முடிந்ததும் பேட்டை இடது கைக்கு மாற்றி வலது கையை உதறிவிடுங்கள்.

பயிற்சிக்கு டம்பெல் வாங்க வேண்டாம். ஒரு மஞ்சப்பையும் அரிசியும் போதும். கால் கிலோ கால் கிலோவாக ஏற்றலாம் என்பது இதில் வசதி. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். ஒரு கிலோ போட்ட பையின் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு, புறங்கையும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்படி அசையாமல் 45 விநாடி பிடியுங்கள். ஒரு நிமிட ஓய்வு. இப்படி ஐந்து முறை, காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. பத்துக்கு மூன்று என்ற அளவு வலி பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் அரை கிலோவாகக் குறையுங்கள். முதல் இரண்டு வாரம் இது மட்டும்தான். அசைவே இல்லாததால் அற்பமாகத் தோன்றும், ஆனால் தசைநாணைப் பளுவுக்குப் பழக்கத் தொடங்குவது இதுதான்.

மூன்றாம் வாரத்திலிருந்து அசைவு. அதே நிலையில் மணிக்கட்டை மூன்று எண்ணி உயர்த்தி, நான்கு எண்ணி இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று சுற்றிலும் 15 முறையை வலி மூன்றுக்குள் முடித்தால் அடுத்த தடவை கால் கிலோ கூட்டுங்கள். முழங்கை மடங்கிய நிலையில் இரண்டு கிலோ எளிதானதும், அதையே கையை நீட்டிச் செய்ய வேண்டும். அது கடினம் என்பதால் எடையைப் பாதியாக்கித் தொடங்குங்கள். இதோடு சுத்தியல் ஒன்றைக் கைப்பிடியின் கடைசியில் பிடித்து, முன்கையைத் தொடைமேல் வைத்து, சுத்தியலின் தலை இடம், வலம் மெல்லச் சாயும்படி பக்கத்துக்குப் பத்து முறை, மூன்று சுற்று. பேக்ஹேண்டுக்கு வேண்டிய சுழற்சி இதில்தான் வரும். தோளுக்கு, ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டி முழங்கையைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி, 15 முறை மூன்று சுற்று. தோள் சோம்பினால் அதன் வேலையும் மணிக்கட்டின் தலையில்தான் விழும்.

இதில் பலர் தவறுவது எங்கே என்றால், இறக்கும்போது பையைச் சட்டென்று விட்டுவிடுவார்கள். அந்த நான்கு எண்ணிக்கையும் பயிற்சியின் பகுதிதான், அதை விட்டுவிடக் கூடாது. இன்னொன்று, நான்காம் வாரம் வலி குறைந்ததும் பையை மூலையில் போட்டுவிடுவார்கள். வலி குறைவது தசைநாண் தேறியதற்கு அடையாளமில்லை. குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள், போட்டி முடிந்த பிறகும்.

ஆட்டத்தை எப்படிக் குறைப்பது? முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டே நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டு, நாளுக்கு 45 நிமிடம். டபுள்ஸ் மட்டும். நெட் ஆட்டம், டிராப் (வலையருகே மெல்ல விழவைப்பது), ஃபோர்ஹேண்ட் கிளியர் (பின்கோடு வரை உயர்த்தி அனுப்புவது) ஆடலாம். முழு ஸ்மாஷும் பின்கோட்டுப் பேக்ஹேண்டும் கூடவே கூடாது. பார்ட்னரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார். மூன்று, நான்காம் வாரங்களில் இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம். கட்டைவிரல் பிடியில் பேக்ஹேண்ட் டிஃபென்ஸ் (ஸ்மாஷைத் தடுத்துத் திருப்புவது), டிரைவ் (வலைக்கு மேலே தட்டையாக அடிப்பது) சேர்க்கலாம். ஐந்து, ஆறாம் வாரங்களில் மூன்று நாள், ஒவ்வொரு மணி நேரம், ஸ்மாஷ் சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆடும்போது வலி மூன்றைத் தாண்டியதா? மறுநாள் காலை டம்ளரைத் தூக்கும்போது முந்தைய நாளைவிட அதிகம் வலித்ததா? இரண்டுக்கும் இல்லை என்றால் மேலே போங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் முந்தைய படிக்கு இறங்குங்கள். ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டால் இந்த இரண்டு கேள்விக்கும் பொய்யான பதில்தான் கிடைக்கும்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போட்டால் சில வாரத்தில் வலி வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் ஊசி போட்டவர்களையும், பயிற்சி செய்தவர்களையும், சும்மா விட்டவர்களையும் ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களே பின்தங்கியிருந்தார்கள். வலி திரும்பியதும் அவர்களிடம்தான் அதிகம். வலியில்லாத கையோடு பழையபடி எட்டு மணி நேரம் ஆட உங்களுக்கு ஆசை வரும் என்பது என் கூடுதல் கவலை. பிஆர்பி என்று சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் ஊசியும் விலை கூடியது. குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வலி தாங்காத நாளில் டைக்குளோஃபெனாக் ஜெல் தடவலாம், பத்து நிமிடம் ஐஸ் வைக்கலாம். சுளுக்கு வழிப்பது வேண்டாம். இது சுளுக்கில்லை, நொந்துபோன தசைநாணை எலும்போடு வைத்து அழுத்தித் தேய்த்தால் கூடத்தான் செய்யும், உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

முழங்கைப் பட்டை போடலாம், ஆனால் இடம் முக்கியம். வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டுவார்கள், அது தவறு. எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைத் தசை பருத்திருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். முஷ்டி பிடித்தால் இறுக்கம் தெரிய வேண்டும், விரல் மரக்கக் கூடாது. ஆடும்போதும் பைக் ஓட்டும்போதும் போட்டு, பிறகு கழற்றிவிடுங்கள்.

கையை முழுதாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, முழங்கை வீங்கினாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலி தொடங்கியிருந்தாலோ, இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தாலோ, விரல்களைத் தூக்கப் பலமில்லாமல் போனாலோ எலும்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இதெல்லாம் இல்லாமல், எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமே இல்லை என்றாலும் போங்கள். அப்போது ஸ்கேன் எடுப்பதில் பொருள் உண்டு.

போட்டியைப் பற்றி. ஐந்தாம் வார முடிவில் நாற்காலியைத் தூக்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வலி இரண்டுக்குள் இருந்து, ஒரு மணி நேர ஆட்டத்துக்கு மறுநாள் கை அமைதியாக இருந்தால் டபுள்ஸுக்குப் பெயர் கொடுங்கள். சிங்கிள்ஸ் இம்முறை வேண்டாம். போட்டி அட்டவணையை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். ஒரு டபுள்ஸ் ஆட்டம் 20 முதல் 30 நிமிடம் ஓடும். ஒரே நாளில் நான்கு ஆட்டம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அதாவது நீங்கள் பழகியதைப்போல் இரு மடங்கு. அப்படியானால் இரண்டு ஆட்டத்துக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்க அணித்தலைவரிடம் இப்போதே பேசி வையுங்கள். கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாக்குங்கள். அன்று ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து, மெல்ல ஓடி, தோளைச் சுழற்றி, காலிப் பேட்டைப் பாதி வேகத்தில் இருபது வீச்சு வீசிய பிறகே முதல் காக்கைத் தொடுங்கள். பையில் உலர்ந்த ஓவர்கிரிப் இரண்டு இருக்கட்டும்.